மங்கலான பொத்தான்

டேப் விசையைத் தட்டினால் கர்சர் என் பெட்டிக்குள் போகிறது. போனது போனதுதான், வெளியே வரமாட்டேன் என்கிறது. மறுபடியும் தட்டுகிறேன். ‘வருகிறேன்’ பொத்தானைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு மினுக்குகிறது, அடுத்த தட்டுக்கு ‘வரலாம்’, அதற்கடுத்த தட்டுக்குத் திரும்பவும் ‘வருகிறேன்’. மூன்றாவதாக ‘வர இயலாது’ என்று ஒன்று இருக்கிறது, அது சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதன்மேல் கர்சர் நிற்காது, நிற்கக் கூடாது என்று நான்தான் எழுதினேன். மங்கியதைத் தாண்டிப் போ என்று எழுதியவன், தாண்டி எங்கே போவது என்று எழுதாமல் விட்டுவிட்டேன். அதனால் அது இந்த இரண்டுக்குள்ளேயே கிடந்து சுற்றுகிறது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெசிந்தா கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். காலையிலேயே இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான், நாங்கள் எழுதுகிற புரோகிராமையெல்லாம் தட்டிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை அவளுடையது. “என்னாண்ணே, உங்க பொத்தானுக்குள்ள போனவன் பொண்டாட்டி பிள்ளைய மறந்துற வேண்டியதுதான் போலயே” என்கிறாள். நான் சிரித்தேன். சிரிப்பு வந்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். ஏசிக் காற்று சரியாக என் பிடரியில் இறங்குகிறது, யாரோ புளியோதரை டப்பாவை மூடாமல் வைத்திருக்கிறார்கள், நல்லெண்ணெய் வாசம் வருகிறது. மூணு மணிக்கு இந்தப் பிள்ளையை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததோடு விட்டால் பரவாயில்லை, அவளை அனுப்புவதற்கு ஒரு வார்த்தை வேண்டுமாம், அந்த வார்த்தையை நான் சொல்ல வேண்டுமாம்.

மெயில் பார்க்கிற திரையில் காலண்டர் அழைப்பு வந்தால் மூன்று பொத்தான் அதுவாகவே கொடுக்கும். அதில் நாம் கை வைக்க முடியாது, அது அவர்கள் வீட்டுச் சுவர். நாம் பண்ணுகிற கூடுதல் சாமான் என்னவென்றால், அந்தச் சுவருக்கு மேலே நம் சொந்தப் பெட்டியை வரைந்து ஒட்ட வேண்டும், அச்சு அசல் அதே மாதிரி இருக்க வேண்டும், ஆனால் நாம் சொன்னபடி கேட்க வேண்டும். எங்களுக்கு வேலை கொடுக்கிற நூல் மில்லுக்காரர்கள் கேட்டது இதுதான்: முதலாளி, டைரக்டர் மாதிரி மேலிடத்திலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு போனால், கீழே இருப்பவன் வர இயலாது என்று சொல்லவே கூடாது. நவநீதன் சார் எங்கள் மேனேஜர். அவர் என் நாற்காலிப் பின்னால் நின்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “எடுத்துடாதீங்கண்ணே. எடுத்துட்டா ஏன் இல்லைன்னு கேப்பாய்ங்க. இருக்கணும். ஆனா அமுங்கக் கூடாது.” என்ன மூளை பாருங்கள் என்று நான்கூட அன்றைக்கு மெச்சிக்கொண்டேன். எழுதினேன். மில்லுக்குப் போவதற்கு முன்னால் நம் ஆபீஸிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று என் மெஷினில்தான் முதலில் ஏற்றினார்கள். ஏற்றின கையோடு எனக்கு வந்த முதல் அழைப்பு இது. ‘கலந்துரையாடல், சின்ன அறை, மூன்று மணி.’ அனுப்பியவர் நவநீதன் சார். கீழே என் கையால் வரைந்த பெட்டி. அதில் ‘வர இயலாது’ சாம்பல் நிறத்தில். அந்தச் சாம்பலைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன், கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று சாம்பலைப் போட்டுப் பார்த்து.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே. “அண்ணே, ஜெசிந்தா விஷயம். மில்லுல அந்தத் தப்புக்கு ஒரு ஆளைக் கேக்குறாங்க, குடுத்தாத்தான் அடங்குவாங்க. நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். அது சரியா சோதிச்சுப் பாக்கலைன்னு ஒரு வார்த்தை. சீனியர் நீங்க சொன்னா ஹெச்ஆர்ல எழுதிக்குவாங்க, முடிஞ்சது.” நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சோப்பு நழுவி விழுந்தது, குனிந்து எடுத்தேன், நிமிர்வதற்குள் போய்விட்டார். குனிந்ததைத் தலையாட்டினதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ. நடந்தது இதுதான். போன மாதம் மில்லுக்கு ஜப்பானிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கு அறை போடுவது நாங்கள் பண்ணிக் கொடுத்த படிவத்தில்தான். அதில் ஒரு பெட்டி, தட்டினால் விடுதிகளின் பேர் கீழே விரியும், ஒன்றைத் தொட வேண்டியது. பழைய விடுதியை இடித்துப் புதுசு கட்டுகிறார்கள் என்று சொன்னதும் அந்தப் பேரைப் பெட்டியிலிருந்து எடுத்தோம், புதுப் படிவத்தை ஏற்றினோம். ஆனால் மில்லில் இருக்கிற பாதி மெஷினுக்குப் பழைய படிவமே வந்துகொண்டிருந்தது. எழுத்தர் பழைய பேரைத் தொட்டார். ராத்திரி வண்டியிலிருந்து இறங்கிய நாலு ஜப்பான்காரர்களும் பெட்டி படுக்கையோடு பாதி இடித்த கட்டிடத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள், உள்ளே செங்கல் குவியல் மேல் ஒரு எருமை படுத்திருந்ததாம். அதில் ஒருத்தர் எருமைக்குக் கும்பிடு போட்டாராம். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. மில் முதலாளி சிரிக்கவில்லை.

ஏன் பழைய படிவம் வந்தது? இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. ஒவ்வொரு மெஷினும் படிவத்தை ஒரு தரம் வாங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும், அடுத்த தரம் வயிற்றிலிருந்தே எடுத்துக் காட்டும். புதுசு வந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? படிவத்தின் தலையில் ஒரு நம்பர் போட்டிருக்கும், அது மாறியிருந்தால்தான் தெரியும். ஜெசிந்தா அதைத்தான் கேட்டாள். அன்றைக்கு எங்கள் இரண்டு நாற்காலிக்கும் நடுவில், இதோ இந்த இடத்தில், டீக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நவநீதன் சார் நின்றார். “சார், நம்பர மாத்திருவோமா, மாத்தாட்டி பழசே வரும்” என்றாள். “நம்பர்ல கை வைக்காதம்மா, அத மாத்துனா மில்லுல திருப்பிக் கையெழுத்து வாங்கணும், அந்தாளு ஒரு வாரம் இழுப்பான், இப்படியே ஏத்து.” ஏத்து என்று சொல்லும்போது டீயை உறிஞ்சினார், அந்த உறிஞ்சலோடு சேர்ந்துதான் அந்த வார்த்தை இருக்கிறது. எனக்குப் படிப்பு கம்மி, பத்தாவதோடு நின்றது, ஆனால் காதில் விழுந்தது போகாது. யார் எந்த வார்த்தையை இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்துவிடும். மெயிலில் இல்லை. காகிதத்தில் இல்லை. மூன்று பேருக்கு நடுவில் காற்றில் சொன்னது. சொன்னவர் ஒருத்தர், கேட்டவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தியை வெளியே அனுப்புவதற்கு இன்னொருத்தன் சாட்சி. எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார். தாண்டிப் போ, ஆனால் எங்கே போவது என்று எழுதவில்லை.

நினைவூட்டல் பெட்டி துள்ளிக்கொண்டு வருகிறது, ‘கலந்துரையாடல்’ என்று. ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அமுக்குகிறேன். போய்விட்டது. போகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. சொல்லிவிட்டால்தான் என்ன. சின்னப் பிள்ளை, திண்டுக்கல்லில் அப்பா அம்மா இருக்கிறார்கள், இரண்டு மாதத்தில் வேறு கம்பெனி கிடைக்கும், இன்ஜினியரிங் படித்தவள், பேர் சொல்ல ஒரு காலேஜ் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷின் துடைக்கப் போனவன், அங்கே ஒரு மூலையில் கம்ப்யூட்டர் வந்து இறங்கினபோது அதையும் துடைத்துத் துடைத்து, துடைக்கிற சாக்கில் தட்டிப் பார்த்து, எப்படியோ இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதவைத் தாண்டினால் பவுன்ராஜ் என்கிற பெயருக்கு நேரே எழுத ஒன்றும் கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில் எவன் எடுப்பான். நேர்காணலுக்குப் போனால் என் பையன் வயதில் ஒருத்தன் உட்கார்ந்து, அங்கிள், எந்தக் காலேஜ் என்பான். சரி, என்னை விடு. வீட்டுக்காரி பரிமளாவுக்கு அடுத்த மாதம் முதுகில் ஆபரேஷன். முதுகெலும்புத் தட்டு நகர்ந்துவிட்டது, இரண்டு ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸ் காப்பீட்டு அட்டையில்தான் நடக்கப் போகிறது. வேலை இருக்கிறவரைக்கும்தான் அட்டை. சமையல்கட்டில் நிற்க முடியாமல் அவள் அரிசிப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை கண்ணுக்குள் வருகிறது. ஒரு வார்த்தை. சரியாகச் சோதிக்கவில்லை. இரண்டு வார்த்தை. சோதிக்காமல் இருந்தவளா அவள்? என் பொத்தானில் கர்சர் மாட்டிக்கொள்கிறது என்று இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னாளே, அதுவும் இன்றைக்கு.

சின்ன வயதில் தியேட்டரில் டிக்கெட் எடுக்கிற சந்துக்குள் ஒருதரம் மாட்டினேன். இரண்டு பக்கமும் சுவர், ஒரு ஆள் அகலம், மேலே கம்பி வலை, உள்ளே போய்விட்டால் கவுண்டர் திறக்கிறவரைக்கும் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. புதுப்படம். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னாலிருக்கிறவன் முதுகு என் முகத்தில், அவன் சட்டை வேர்வையை நான் மூச்சோடு இழுக்கிறேன். சுவரில் முந்தின கூட்டத்தின் வேர்வை பிசுபிசுக்கிறது. யாரோ, “டேய், காலு, காலு, காலு” என்று கத்துகிறான், யார் கால் என்று யாருக்கும் தெரியவில்லை, குனிந்து பார்க்க இடமில்லை. கவுண்டர் ஓட்டைக்குள்ளே உட்கார்ந்திருந்தவர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நமக்கு முன்னால் பத்துப் பேர், எல்லோரும் பொறுமையாக இருக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் கத்த வேண்டும் என்று தோன்றியது பாருங்கள், அதுதான் பயம். மூச்சு முட்டுவதுகூடப் பெரிதில்லை. மற்றவர்கள் சும்மா இருக்கிறார்களே என்பது. இப்போது இந்த ஹாலில் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். விசை தட்டுகிற சத்தம் தூறல் மாதிரி விழுந்துகொண்டிருக்கிறது.

பரிமளாவுக்குப் போன் பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று தெரியவில்லை, அவள் ஒன்று சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதானே. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். “உங்கள யாரு அந்த எடத்துல போயி நிக்கச் சொன்னது, அவரு டீ குடிக்கும்போது” என்றாள். “நான் எங்கடி போயி நின்னேன், என் நாற்காலில உக்காந்திருந்தேன்.” “வாயத் தொறக்காதீங்க. தெரியாதுன்னுருங்க. எனக்கு ஞாபகம் இல்ல சார்னு சொன்னா ஒங்களத் தூக்குலயா போடப் போறாய்ங்க.” தெரியாது என்று சொல்வதும் அவர்கள் கேட்கிற வார்த்தைதான், கொஞ்சம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே, “அந்தப் பிள்ளை சாப்டுச்சா?” என்றாள். “சாப்டுச்சு.” “என்ன சாப்டுச்சு?” “எலுமிச்சஞ்சோறு.” அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, திரும்பிப் படுக்கிறாள், வலியை ஒரு ‘ம்’ போட்டு விழுங்கினாள். “வச்சிர்றேன்” என்றாள். எதைப் பிடித்துக்கொள்வது? வாயைத் திறக்காதீங்க என்றதையா, சாப்டுச்சா என்றதையா?

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வேலையைப் பார்ப்போம். பெட்டியின் மதிப்பு மாறினால் இந்த வரிக்கு வா என்று எழுதியிருக்கிறேன், இந்த வரிக்கு வந்தால் பெட்டியின் மதிப்பை மாற்று என்று எழுதியிருக்கிறேன், மாற்றினால் மறுபடி இங்கேயே வரும், வந்தால் மறுபடி மாற்றும், அது பாட்டுக்கு ஓடித் திரை வெள்ளையாகிப் போகும். நடுவில் ஒரு பூட்டு வைக்க வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய், திரும்ப வராதே என்று. அந்தப் பூட்டைத் தேடிப் போகிறபோதுதான் கண்ணில் பட்டது, பொத்தானை மங்க வைக்கிற வரி. ஒரே வரி. மேலிடமானால் ‘ஆகாது’. அதை ‘ஆகும்’ என்று மாற்றினால் போதும், என் மெஷினில் மட்டும், யாருக்குத் தெரியும், சோதித்துப் பார்த்தேன் சார் என்று சொல்லிக்கொள்ளலாம். விரல் தானாகப் போகிறது. மாற்றினேன். ஓட்டினேன். அழைப்பைத் திறக்கிறேன், ‘வர இயலாது’ கன்னங்கரேலென்று எழுந்து நிற்கிறது. டேப் தட்டுகிறேன், கர்சர் ‘வரலாம்’ பொத்தானை விட்டு அதன்மேல் வருகிறது, இன்னொரு தட்டில் பெட்டியை விட்டே வெளியேறி மெயிலின் தலைப்புக்குப் போகிறது. அப்பா. நெஞ்சு லேசானது. ஒரு அமுக்கு, நான் அந்த அறையிலேயே இருக்கமாட்டேன். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம் பக்கம் போய் ஒரு மூலையில் நின்றுகொண்டால் மூணு மணி அது பாட்டுக்குப் போகும். பொய் சொன்னவன் ஆகமாட்டேன். உண்மை சொன்னவனும் ஆகமாட்டேன். விரல் மேலேயே இருக்கிறது. “அண்ணே” என்றாள் ஜெசிந்தா. தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கும் மூணு மணிக்கு வந்திருக்கா?” திரையைப் பார்த்துவிட்டாள். “ஆமாம்மா.” “அப்பாடா. நான் ஒரு ஆளுதான் போல, என்னமோ ஏதோன்னு காலைலருந்து திக்குதிக்குன்னு இருந்துச்சு. நீங்களும் இருக்கீங்கள்ல, பெறகென்ன.” பல்லைக் காட்டிச் சிரித்தாள். “ஜப்பான்காரன் எருமையப் பத்தி இன்னொரு தரம் பேசுவாய்ங்களா இருக்கும்.” நான் விரலை எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்று சொல்வது சரியில்லை, அது மரத்துப்போய் நின்றது, கையோடு சேர்ந்து மடிக்கு வந்துவிட்டது. நீங்களும் இருக்கீங்கள்ல. நான் இருந்தால்தான் ஆபத்து என்று இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் இல்லாவிட்டால்? நான் இல்லாவிட்டாலும் எழுதிக்கொள்வார்கள், சீனியர் வரவில்லை, மறுக்கவும் இல்லை என்று.

மேசைப் போன் அடித்தது, அவளுடையது. எடுத்தாள். “சரிங்க மேடம்… பையா? எதுக்கு மேடம்?… சரி.” வைத்தாள். சார்ஜரைக் கழற்றிச் சுருட்டினாள், சுருட்டினது அவிழ்ந்தது, திரும்பச் சுருட்டினாள். டப்பாவைப் பைக்குள் வைத்தாள், சீப்பு, மாத்திரை அட்டை, வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டின சின்ன டப்பி. “ஹெச்ஆர் மேடம்ணே, பையையும் எடுத்துட்டு வரணுமாம்” என்றாள். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. நானும் எழுந்தேன். கால் நீளமாகிவிட்ட மாதிரி இருந்தது, தரை தூரத்தில் கிடந்தது. இரண்டு பேரும் நடக்கிறோம், மேசைகளுக்கு நடுவில், ஒருத்தனும் நிமிரவில்லை. அவள் முன்னால், நான் பின்னால், அவள் சடையில் ஒரு மஞ்சள் ரப்பர் பேண்டு. சொல்லக் கூடாது. சொல்ல வேண்டும். பரிமளாவின் முதுகு. ஞாபகம் இல்லை சார். ஞாபகம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன், எனக்கு என்ன இருக்கிறது ஞாபகத்தைத் தவிர?

சின்ன அறையில் நவநீதன் சாரும் ஹெச்ஆர் ஹேமலதா மேடமும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஜெசிந்தா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மேடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார், வருத்தம், நிலைமை, வாடிக்கையாளர் என்று ஏதேதோ வந்தது, எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது, ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்டக்டர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிட்டுப் பெரியார், பெரியார் என்று கூவுவது கேட்டது. “பவுன்ராஜ், நீங்க சீனியர். படிவத்தை ஏத்துறதுக்கு முன்னாடி இவங்க சரியா சோதிச்சாங்களா?” நவநீதன் சார் என்னைப் பார்க்கவில்லை, பேனா மூடியைப் பார்த்தார். “சுருக்கமாச் சொல்லுங்கண்ணே” என்றார். வாயைத் திறந்தேன். “சோதிச்சுச்சு மேடம். நம்பர மாத்தாட்டி பழசே வரும்னு அது சொல்லுச்சு. மாத்த வேண்டாம்னு சார்தான் சொன்னாரு.” என் குரலா அது? ஓட்டைக் குழாயில் வந்த மாதிரி இருந்தது. நவநீதன் சார் சிரித்தார். நல்ல சிரிப்பு, கோபமே இல்லை. “நானா? எப்பண்ணே சொன்னேன்? மெயில் இருக்கா?” “இல்ல சார்.” “எழுதி ஏதும் குடுத்தேனா?” “இல்ல சார்.” “அப்பறம் எதை வச்சுச் சொல்றீங்க?” “நான் கேட்டேன் சார். பக்கத்துல உக்காந்திருந்தேன். காதுல கேட்டேன்.” மேடம் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார், எழுதினதை அடிக்கவும் இல்லை, மேற்கொண்டு எழுதவும் இல்லை. முடிந்தது, பவுன்ராஜ், அட்டையும் போச்சு, ஸ்க்ரூவும் போச்சு, வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு என்று உள்ளே ஒருத்தன் ஓட ஆரம்பித்தான். மேடம் தொண்டையைச் செருமினார். “ஜெசிந்தா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பவுன்ராஜ்கிட்ட நாங்க தனியாப் பேசணும்.” கதவு அவளுக்குப் பின்னால்தான் இருந்தது, எட்டினால் கைப்பிடி. அவள் என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். “இல்ல மேடம், நானும் இருக்கேன்” என்றாள். மடியில் கட்டிக்கொண்டிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.